இரு பத்திகளின் வரலாறு: ஏலமலை வகுப்பறையில் பௌதிக மாற்றமும் வேதி மாற்றமும்

ஆனைக்கரை என்னும் பெயர் கேரளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழையை ஒட்டிப் பட்டாம்பி வட்டத்தில் அமைந்தது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடைப்பட்ட ஏலமலைப் பகுதியில் உள்ளது. முன்னது நெல்வயல் நாடு. பின்னது ஏலத்தோட்ட நாடு. பின்னதிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வெகு தொலைவில் இல்லை. தோட்டத்தொழிலின் வழியாக அங்கே குடியேறிய தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பள்ளி அறிவியலின் முதற்பாடங்களுள் ஒன்றான ‘பௌதிக மாற்றம், வேதி மாற்றம்’ என்னும் பாகுபாட்டின் வரலாற்றைத் தொடங்குவதற்கு இந்த ஏலமலை பொருத்தமான இடமாகும். அதற்குக் காரணம் அங்குள்ள எந்த ஆய்வுக்கூடமும் அன்று. ஏலக்காய் உலர்த்தும் கூடம்.

செடியிலிருந்து பறித்த ஏலக்காயின் எடையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீரே. அதனை மிதமான வெப்பத்தில் உலர்த்திப் பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு ஈரப்பதத்திற்குக் கொண்டுவருவதே பதப்படுத்தும் வேலை. பாடநூலைக் கற்ற மாணவரிடம் ‘உலர்தல் எவ்வகை மாற்றம்?’ என்று வினவினால், தயங்காமல் ‘பௌதிக மாற்றம்’ என்பார். நீர் ஆவியாகிறது, பொருள் மாறவில்லை. ஆனால் உலர்த்துவதற்கு முன் காய்களை இரண்டு விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைக்கும் முறை ஏலமலையில் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்துள்ளது. பச்சை நிறம் வெளிறாமல் இருப்பதற்காகவே அது செய்யப்படுகிறது. காயின் திசுக்களிலுள்ள இயற்கை அமிலங்கள், வெப்பம் ஏறும்போது பச்சைய மூலக்கூற்றின் நடுவிலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை அமர்த்துகின்றன. பச்சை மறைந்து பழுப்பு தோன்றுகிறது. சோடாவின் காரத்தன்மை அந்த அமிலங்களை மட்டுப்படுத்துகிறது. பச்சையத்தில் மெக்னீசியம் இருப்பதை நிறுவிய ஜெர்மானிய வேதியியலர் ரிச்சர்ட் வில்ஸ்டெட்டருக்கு 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ‘வெறும் உலர்தல்’ எனப்படும் நிகழ்வுக்குள்ளேயே வேதி மாற்றம் ஒன்று நடக்கக் காத்திருக்கிறது. தோட்டக்காரர் அதனை நடக்கவிடாமல் தடுக்கிறார்.

இடுக்கியின் மற்றொரு விளைபொருளான தேயிலை இந்தச் சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டும். காகிதத்தைக் கிழிப்பது பௌதிக மாற்றத்திற்குப் பாடநூல்கள் காட்டும் முதல் எடுத்துக்காட்டு. மூணாற்றுத் தொழிற்சாலையில் வாடவைத்த தேயிலையை உருட்டி நசுக்குவதும் கிழிப்பதுதான். ஆனால் இலையின் உயிரணுக்கள் உடைந்த அக்கணமே, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் பாலிபீனால்களும் ஒன்றுசேர, காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையுடன் நிறமும் மணமும் சுவையும் மாறத் தொடங்குகின்றன. தொழில்வழக்கில் இதனை இன்றும் ‘நொதித்தல்’ என்றே சொல்கின்றனர். உண்மையில் இது நுண்ணுயிர்களின் வேலையன்று, நொதியால் நிகழும் ஆக்சிஜனேற்றம். கிழித்தல் எங்கே முடிந்தது, வேதிவினை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முயல்பவர் தோற்பார்.

இவ்வாறு கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் நிகழ்வுகளுக்குள் அடங்காத ஒரு பாகுபாடு, எவ்வாறு உலகெங்கும் பள்ளி வேதியியலின் முதல் வாயிலாக அமைந்தது? இரண்டு பத்திகள் கொண்ட அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை அத்தகைய கூர்மையான எல்லை எதுவும் இருக்கவில்லை. உப்பு நீரில் கரைவதும் சுண்ணாம்பு அமிலத்தில் கரைவதும் ‘கரைதல்’ என்னும் ஒரே பெயரில் அடங்கின. இரண்டையும் பிரித்து வைத்தது பிரெஞ்சு வேதியியலர் இருவரிடையே நடந்த ஒரு நீண்ட வாதம். ஜோசப் புரூஸ்ட் என்பார், ஒரு சேர்மத்தில் அதன் தனிமங்கள் எப்போதும் ஒரே எடை விகிதத்தில்தான் கூடியிருக்கும் என்றார். குளோத் லூயி பெர்தொலே அதனை மறுத்தார். கரைசல்களிலும் உலோகக் கலவைகளிலும் விகிதம் தொடர்ச்சியாக மாறுகிறதே. அவையும் நாட்டத்தால் விளைந்த சேர்க்கைகளே என்பது அவர் வாதம். புரூஸ்ட் தம் விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் கரைசலையும் கலவையையும் ‘உண்மையான சேர்க்கை’ என்னும் வேலிக்கு வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. அவ்வாறே நிறுத்தினார். 1808இல் ஜான் டால்ட்டனின் அணுக்கொள்கை வெளிவந்தபின் புரூஸ்டின் பக்கமே வென்றது. இன்று எட்டாம் வகுப்பு மாணவர் ‘உப்பு நீரில் கரைதல் – பௌதிக மாற்றம்’ என்று எழுதும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வாதத்தில் வென்றவரின் தீர்ப்பையே, வாதம் நடந்ததை அறியாமல், படியெடுக்கிறார்.

தோற்றவர் சொன்னதிலும் பொருளிருந்தது. பெர்தொலே 1798இல் நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பில் உடன்சென்ற அறிஞர்களுள் ஒருவர். அங்கே நாட்ரான் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிவுகளைக் கண்டார். ஏலமலையில் காய்களை ஊறவைக்கும் அதே சலவைச் சோடாதான் அது. பாரிசின் ஆய்வுக்கூடத்தில் சோடாக் கரைசலையும் கால்சியம் குளோரைடுக் கரைசலையும் கலந்தால் சுண்ணாம்புக் கார்பனேட் வீழ்படிவாகும். சமையல் உப்பு கரைசலில் எஞ்சும். அந்த ஏரிகளிலோ உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடாவைத் தந்துகொண்டிருந்தன. ஆய்வுக்கூட வினை அங்கே பின்னோக்கி நடந்தது. பொருள்களின் இயல்பு மட்டுமன்றி அவற்றின் அளவும் வினையின் திசையை முடிவுசெய்யும் என்னும் கருத்து பெர்தொலேக்கு அங்கிருந்து தோன்றியது. 1803இல் வெளிவந்த அவருடைய வேதி நிலையியல் நூல் அதனை விரித்துரைத்தது. 1864இல் நார்வே நாட்டின் குல்ட்பெர்க்கும் வாகேயும் அதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். வேதிவினைகள் மீளக்கூடியவை என்பது அன்று முதல் வேதியியலின் அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் பள்ளிப் பாடத்தில் ‘பௌதிக மாற்றம் மீளும், வேதி மாற்றம் மீளாது’ என்னும் வாய்பாடு இன்னும் உயிரோடு உலவுகிறது. அறிவியல் கைவிட்ட ஒரு கருத்து பாடநூலில் இத்தனை காலம் தங்கியிருப்பது வியப்புக்குரியதன்று. அது மதிப்பெண் இடுவதற்கு எளிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பாடம் வகுப்பறை வடிவம் பெற்றது. மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் நிறுவனத்தில் 1860–61 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவத்தி உரைகள் இத்துறையின் செவ்வியல் எடுத்துக்காட்டு. எரியும் திரியின் நடுவே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் செலுத்தி, மறுமுனையில் வெளிவரும் மெழுகாவியைக் கொளுத்திக் காட்டினார் அவர். மெழுகு உருகுவதும் ஆவியாவதும் எரிவதும் ஒரே சுடருக்குள் அடுத்தடுத்து நிகழ்வதை மாணவர் கண்ணால் கண்டனர். அவருடைய உரைகளில் சுடர்தான் தலைப்பு, பாகுபாடு அன்று. 1872இல் ஹென்றி ராஸ்கோ எழுதிய சிறு வேதியியல் முதனூலும் மெழுகுவத்தியிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், மாணவரே கண்டறியும் முறையை வலியுறுத்தி, இரும்பு துருப்பிடித்தலை எடைபோட்டு ஆராய வைத்தார். அவருடைய கட்டுரைத் தொகுப்பு 1903இல் வெளிவந்தது. ஆனால் தேர்வுமுறை வளர்ந்தபோது பௌதிகமும் வேதியியலும் தனித்தனிப் பாடங்களாயின. தனிப் பாடங்களுக்குத் தனி எல்லைக்கல் வேண்டியிருந்தது. ‘இது எங்கள் பாடம், அது உங்கள் பாடம்’ என்று அறிவிக்கும் பலகையாக முதல் அத்தியாயம் மாறியது. இப்பாகுபாட்டைப் பொருள்களின் இயல்பிலிருந்து எழுந்தது என்பதைவிடப் பாடத்திட்டத்தின் தேவையிலிருந்து எழுந்தது என்பதே வரலாற்றுக்கு நெருக்கமான கூற்றாகும்.

தமிழில் இப்பாடம் வந்த வழி வேறு. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1848இல் அங்கே மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். இடையில் தாயகம் சென்று 1862இல் திரும்பியபின் அக்கல்வியைத் தமிழ்வழிக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு ஆகிய துறைகளின் நூல்கள் தமிழாயின. வேதியியலுக்கு டேவிட் வெல்ஸ் எழுதிய அமெரிக்கப் பாடநூல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரில் வெளிவந்தது. மற்றத் துறைகளுக்கெல்லாம் அங்காதிபாதம், இரண வைத்தியம் என உள்மொழிச் சொற்களைத் தேடியவர்கள் இதற்கு மட்டும் ஆங்கிலப் பெயரின் ஒலியையே தமிழுருவில் ஏற்றனர் என்பது கவனிக்கத்தக்கது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ‘இரசாயனம்’ என்னும் சொல் ஏற்கெனவே மருத்துவ மரபின் உடைமை. காயத்தை இளமையாக்கும் மருந்தையும் இரசவாதத்தையும் அது நினைவூட்டும். மருத்துவ மாணவருக்கு எழுதும் நூலில் அந்தக் குழப்பம் இடையூறாகவே இருந்திருக்கும்.

சொல்லாக்கம் முறையான இயக்கமாக உருவெடுத்தது சேலத்தில். அங்கே வழக்கறிஞராக இருந்த சி. ராஜகோபாலாச்சாரியும் வெங்கடசுப்பையரும் 1916இல் தமிழில் அறிவியற் சொற்களை வகுக்கும் சங்கமொன்றை நிறுவினர். பின்னாளில் ராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்னும் எளிய நூலையும் எழுதினார். ஒரு நாட்டின் தலைமை ஆளுநராக இருந்தவர் வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்த நிகழ்வு வேறெங்கும் நடந்ததா என்பது ஐயமே. 1934இல் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற் பட்டியலை வெளியிட்டது. வடசொல்லா, தமிழ்ச்சொல்லா என்னும் பூசல் இக்காலம் முழுதும் நீடித்தது. கோயம்புத்தூரிலிருந்து 1948 முதல் வெளிவந்த ‘கலைக்கதிர்’ இதழ், பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் தமிழில் அறிவியல் படிக்க விரும்பியவர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

இப்பூசலின் விளைவு இன்று மூன்று நாடுகளாக அல்லது மூன்று சொல்லுலகங்களாகக் காணக்கிடைக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்னும் சொற்களையே கொண்டுள்ளன. தமிழ்நாட்டில் இயற்பியலும் வேதியியலும் நிலைபெற்றன. மலையாளத்தில் பௌதிகமாற்றம், ராசமாற்றம். சொற்களின் வேரை ஆராய்ந்தால் ஒரு நகைமுரண் வெளிப்படும். ‘பௌதிகம்’ என்பது பூதத்திலிருந்து பிறந்தது. நிலமும் நீரும் தீயும் வளியும் வானுமாகிய மூலப்பொருள்களைப் பற்றியது. ‘பொருள் மாறாத மாற்றம்’ என்னும் கருத்து அச்சொல்லில் எங்கும் இல்லை. ‘வேதியியல்’ என்பதோ ‘வேதித்தல்’ என்னும் பழஞ்சொல்லோடு தொடர்புடையது. ஒன்றை வேறொன்றாக்குதல் என்பதே அதன் பொருள். சித்தர் மரபில் தாழ்ந்த உலோகத்தை உயர்ந்ததாக்கும் கலைக்கு ‘வேதை’ என்று பெயர். பொன்னாக்கம் பொய்த்தது, சொல் பிழைத்தது. ‘புதிய பொருள் தோன்றுதல்’ என்னும் இலக்கணத்தைத் தன் வேரிலேயே தாங்கியிருப்பதால், இரசாயனத்தைவிட இச்சொல்லே பாடத்திற்குப் பொருத்தமானது என்று வாதிட இடமுண்டு.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சிற்றூரும், சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தின் பாலக்காடும் அவ்வாறே கேரளத்தில் சேர்ந்தன. 1957இல் பாலக்காடு, 1972இல் இடுக்கி எனத் தனி மாவட்டங்கள் அமைந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரும் வசதியைச் செய்யுமாறு அரசமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது; அதுவும் 1956இன் திருத்தத்தில் சேர்க்கப்பட்டதே. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையருக்கு உரிமைகளை வகுத்தது. இரு மாவட்டங்களின் எல்லையோரங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே பயிலும் குழந்தை கேரளத்தின் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கிறது. வீட்டுப் பேச்சில் ஒரு சொல், பாடநூலில் ஒரு சொல், பக்கத்து மலையாள வகுப்பில் ஒரு சொல், மேற்படிப்புக்குத் தேனிக்கோ கோயம்புத்தூருக்கோ சென்றால் வேறொரு சொல். சொற்களே இவ்வளவு அசையும்போது, வரையறையாவது அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் அசைகிறது என்பதே இங்குள்ள இடர்.

நவச்சாரத்தின் கதை அதற்குச் சான்று. அம்மோனியம் குளோரைடாகிய நவச்சாரத்தைச் சூடாக்கினால் வெண்புகை எழுந்து, குளிர்ந்த புனலின் உட்புறத்தில் மீண்டும் வெண்பொடியாகப் படியும். இந்தியப் பள்ளிகளில் இது பதங்கமாதலுக்கான வழக்கமான சோதனை. தேசியப் பாடநூல்களும் கற்பூரத்தோடு இதனையும் சேர்த்துக் கூறிவந்தன. பதங்கமாதல் பௌதிக மாற்றம். ஆகவே நவச்சாரமும் பௌதிகப் பத்தியில் இடம்பெற்றது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலர்களுக்கு இதே பொருள் பெருந்தலைவலியாக இருந்தது. நவச்சார ஆவியின் அடர்த்தி, இருக்கவேண்டியதில் ஏறத்தாழ பாதியே இருந்தது. அவகாட்ரோவின் கருதுகோள் சரியென்றால் இது எவ்வாறு நேரும்? ஆவி நவச்சாரமே அன்று, அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து கிடக்கிறது என்று சிலர் கூறினர். அதனை ஐயமற நிறுவ வேண்டியிருந்தது. 1862இல் லியோபோல்ட் ஃபான் பெபால் கல்நார் அடைப்பு ஒன்றின் வழியே அந்த ஆவியை ஊடுருவவிட்டார். இலேசான அம்மோனியா விரைவாகக் கடந்து ஒரு பக்கத்து லிட்மஸ் தாளை நீலமாக்கிற்று. பின்தங்கிய அமில வாயு மறுபக்கத்துத் தாளைச் சிவப்பாக்கிற்று. நவச்சாரம் பதங்கமாவதில்லை; சிதைந்து மீண்டும் சேர்கிறது. சிதைதலும் வேதி மாற்றம், சேர்தலும் வேதி மாற்றம். 1862இல் தீர்ந்த வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வகுப்பறையில் தவறான பத்தியில் எழுதப்பட்டு, சரியென்று குறியிடப்பட்டது. புகையை நுகர்ந்து பார்த்து ‘அம்மோனியா நெடி வருகிறதே’ என்று கேட்கும் மாணவர் இருந்தால், மதிப்பெண் இழப்பவர் அவரே.

ஏலமலையில் இதைவிட நன்கு அறியப்பட்ட பொருள் மயில்துத்தம், அதாவது துருசு. நீலப் படிகங்களைச் சூடாக்கினால் நீர் நீங்கி வெள்ளைப் பொடியாகும். ஒரு துளி நீர் விட்டால் சூடு வெளிப்பட நீலம் திரும்பும். ‘மீளும்’ என்னும் அளவுகோலின்படி இது பௌதிக மாற்றம். ‘புதிய பொருள்’ என்னும் அளவுகோலின்படி வேதி மாற்றம். ‘நிறம் மாறினால் வேதி மாற்றம்’ என்னும் மூன்றாவது அளவுகோலும் உண்டு. அது நீரில் சாயம் கலக்கும்போது பொய்க்கும். ஒரே பாடத்தின் ஒரே பக்கத்தில் அச்சிடப்படும் மூன்று இலக்கணங்கள் ஒரே பொருளின்மேல் மோதிக்கொள்கின்றன.

அதே துருசைக்கொண்டு தோட்டத்தில் நடக்கும் சோதனையோ மிகத் தெளிவானது. மழைக்காலத்தில் ஏலக்காய் அழுகலையும் மிளகு வாட்டத்தையும் தடுக்கப் போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் தோன்றி, 1885இல் மில்லார்தேயால் அறிவுலகுக்கு அறிமுகமான மருந்து அது. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் நீர். சுண்ணாம்பு போதாவிட்டால் எஞ்சிய தாமிர உப்பு இலையைக் கருக்கும். அதனை அறிய, தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிதுநேரம் அமிழ்த்தி எடுப்பர். அலகில் செந்நிறப் படலம் தோன்றினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இரும்பு கரைசலுக்குள் செல்ல, தாமிரம் வெளியே வந்து படிகிறது. பாடநூலில் ஆணியும் துருசுக் கரைசலுமாக வரும் இடப்பெயர்ச்சி வினைதான் இது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. வகுப்பறை ஆணி, முன்பே தெரிந்த விடையை உறுதிசெய்கிறது. தோட்டத்துக் கத்தி, அடுத்து என்ன செய்வது என்னும் கேள்விக்கு விடை தருகிறது. இரண்டில் எது சோதனை என்னும் பெயருக்கு உரியது என்பது சொல்லாமலே விளங்கும்.

பாலக்காட்டு எல்லையில் இதற்கு இணையானது சிற்றூர் வட்டாரத்துக் கள். தென்னையிலோ பனையிலோ இறங்கும் இனிப்பு நீர் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபட்டுப் பதநீராக நிற்கும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. நொதித்தலை வெறும் வேதிச்சிதைவு என்று லீபிக்கும், உயிரின் செயல் என்று பாஸ்டரும் வாதிட்டனர். 1897இல் எடுவர்ட் புக்னர் உயிருள்ள அணு எதுவுமற்ற ஈஸ்ட்டுச் சாற்றாலேயே சர்க்கரையை நொதிக்கவைத்துக் காட்டியபின் வாதம் வேறு தளத்திற்கு நகர்ந்தது. சுண்ணாம்புப் பானைக்கும் ஏலக்காயின் சோடாத் தொட்டிக்கும் உள்ள உறவு தெளிவானது: இரண்டிடத்திலும் காரம், நடக்கவிருக்கும் வேதி மாற்றத்திற்கு அணை போடுகிறது. இதனை அறிந்த தொழிலாளியின் பிள்ளை பள்ளியில் காண்பது காகிதம் கிழித்தலும் மெக்னீசிய நாடா எரித்தலுமே.

இந்த இடைவெளியைக் குறைக்க முயன்ற இயக்கங்கள் இந்தியாவில் இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுதும் பரவிய அறிவியல் கற்பித்தல் திட்டம், செய்முறையைப் பாடத்தின் பின்னிணைப்பாக அன்றிப் பாடமாகவே வைத்தது. 2002இல் மாநில அரசு அதனை நிறுத்தியது. கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத், 1970 முதல் ‘யுரேகா’ இதழின் வழியே சிறுவரிடம் அறிவியலைக் கொண்டுசென்றது. 1990களின் பிற்பகுதியில் கேரளப் பாடநூல்கள் செயல்வழிக் கற்றலுக்கு மாறியதில் அவ்வியக்கத்தின் தாக்கம் பெரிது. செயல்கள் மிகுந்தன, அட்டவணை மட்டும் நீங்கவில்லை. செயல் முடிந்ததும் குழந்தை அதனை இரண்டு பத்திகளுள் ஒன்றில் எழுதியாக வேண்டும்.

வேதியியலர்களிடையேயும் இவ்வட்டவணைமீது நெடுநாளாக ஐயம் இருந்துவருகிறது. மெந்தலேயேவ் 1887இல் கரைசல்களைப் பற்றி எழுதிய நூலில், கரைபொருளும் நீரும் சேர்ந்து திட்டமான சேர்மங்கள் உண்டாகின்றன என்றார். அதே ஆண்டில் அர்ஹீனியஸ் உப்பு நீரில் அயனிகளாகப் பிரிகிறது என்னும் கொள்கையை முழு வடிவில் முன்வைத்தார். இருவர் கூற்றும் ஒன்றையொன்று மறுத்தவை. ஆனால் உப்பு கரைவது வெறும் கலத்தல் அன்று என்பதில் இரண்டும் ஒன்றே. 1970இல் அமெரிக்க வேதியியல் கல்வி ஆய்விதழில் வால்டர் ஜென்ஸ்லர் இப்பாகுபாட்டையே கேள்விக்குள்ளாக்கினார். 1986இல் சுவீடனின் பியோர்ன் ஆண்டர்சன், வேதி மாற்றத்தைப் பள்ளி மாணவர் எவ்வாறு விளக்குகின்றனர் என்பதை வகைப்படுத்தினார். துருவும் கரியும் அதே பொருளின் வேறு தோற்றம் என்றும், பொருள் இடம்பெயர்ந்து வந்தது என்றும், ஒன்று அப்படியே வேறொன்றாகிவிட்டது என்றும் மாணவர் கருதுவதை அவர் காட்டினார். கண்ணுக்குத் தெரிவது நிறமும் நுரையும் சூடும் நெடியுமே. ‘புதிய பொருள்’ என்பது காட்சி அன்று, அனுமானம். அந்த அனுமானத்திற்கு உருகுநிலை வேண்டும், எடை வேண்டும், மற்றொரு பொருளோடு வினைபுரியச் செய்து பார்க்கும் பொறுமை வேண்டும். லவாய்சியர் தராசைக்கொண்டு பெற்றதை, தராசு இல்லாத வகுப்பறை மனப்பாடத்தைக்கொண்டு பெற முயல்கிறது.

இதற்காக அட்டவணையைக் கிழித்தெறிய வேண்டும் என்று கூறுவது மிகை. இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்து காந்தத்தால் பிரித்துக் காட்டி, பின்னர் சூடாக்கி, காந்தம் இனிப் பயன்படாததைக் காணும் குழந்தைக்குக் கலவையும் சேர்மமும் வேறென்பது ஒருமுறைக்குப் பின் மறவாது. அச்சோதனை புரூஸ்டின் பக்கத்து நியாயத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். தேவைப்படுவது மூன்றாவது பத்தி ஒன்று: ‘இரண்டிலும் அடங்காதவை’ என்றோ ‘இன்னும் சோதிக்க வேண்டியவை’ என்றோ அதற்குத் தலைப்பிடலாம். நவச்சாரமும் துருசும் கரைந்த உப்பும் கசக்கிய தேயிலையும் அங்கே இருக்கட்டும். அப்பத்தியில் எழுதிய மாணவருக்கு மதிப்பெண் அளிக்க விடைத்தாள் திருத்தும் நெறிமுறையும் வேண்டும். அஃதின்றி மூன்றாவது பத்தி வெறும் வெற்றிடமாகும்.

உலர்ந்த ஏலக்காய் இன்று புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னேலத்தில் விலைபோகிறது. வாங்குவோர் காயின் பருமனோடு நிறத்தையும் நோக்குவர். வெளிறிய காய்க்கு விலை குறையும். அங்கே விலை பெறும் பச்சை, உலர்த்தும் கூடத்தில் நடவாமல்போன ஒரு வேதி மாற்றத்தின் நிறம்.